வெர்லின் வண்டியின் இஞ்சின்

இஞ்சின் வெதுவெதுப்பாக இருந்தது. ஓரினுக்கு முதலில் உறுத்தியது அதுதான். வெளியே முழங்கால் உயரப் பனி, கொட்டகைக்குள் விடுகிற மூச்சுகூடப் புகையாகிறது. வாரக்கணக்கில் சங்கிலியில் தொங்கிய அந்த இரும்பு மட்டும், யாரோ இப்போதுதான் ஓட்டி நிறுத்தியதுபோலச் சூடு காட்டியது.

வெர்லின் வண்டியிலிருந்து கழற்றியது வேண்டாம் என்று பாதித் தெரு சொல்லிப் பார்த்தது. வாயில் எந்நேரமும் புகையிலை அடக்கிய அந்த ஆள், உயிரோடிருந்தவரை தன் வண்டியின் பானெட்டை அடுத்தவர் தொட விட்டதில்லை. மான் குறுக்கே வந்ததில் வண்டி மோதி, அதற்குள்ளேயே செத்தும் போனான். ஓரின் கேட்கிற ரகமா? தன் வண்டி ஓடாவிட்டால் இந்த வருஷம் தெருப்பனியைத் தள்ளும் வேலை வேறொருவனுக்குப் போய்விடுமே என்ற கவலை அவனுக்கு.

இஞ்சினை இறக்கி, தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு சேர்த்தாயிற்று. நடுவிலிருக்கும் கன்வெர்ட்டர் என்ற குண்டு உருளையை இஞ்சினின் பல்சக்கரத்தோடு போல்ட் போட்டுப் பிணைப்பதுதான் பாக்கி. அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரே திறப்பு. ஒரு போல்ட் போட்டதும், முன்னால் ஒருவர் ஸ்பானரால் இஞ்சினைத் திருப்பினால்தான் அடுத்த துளை திறப்புக்கு வரும். கை உள்ளே இருக்கும்போது திருப்பினால் விரல் போய்விடும்.

அதனால் மனைவி ஆர்டிஸை ஸ்பானரோடு முன்னால் நிறுத்தியிருந்தான். சொன்னால் மட்டும் திருப்பு என்றான்.

"தெரியும். உன் விரல் போனா, ஆயுசுக்கும் நான்தான் உனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடணும்."

மல்லாந்து அடியில் நுழைந்தபின் எண்ணெய்க் கறையும் அந்தத் திறப்பும் தவிர எதுவும் தெரியவில்லை. திருப்பு என்பான், பற்கள் நறநறவென்று நகரும், போதும் என்பான், நிற்கும். இரண்டு போல்ட் ஏறியது. மூன்றாவதற்கு அவன் போதும் என்று சொல்வதற்கு முன்பே துளை மயிரிழை பிசகாமல் வந்து நின்றது.

"பரவால்லியே, கை தேறிருச்சே," என்றான்.

பதில் இல்லை. பாராட்டினாலும் திட்டினாலும் சும்மா இருக்கிற பெண் இல்லை ஆர்டிஸ். கொட்டகை முழுக்க எங்கிருந்தோ வாயில் அடக்கிய புதினாப் புகையிலை வாசனை. இந்த வீட்டில் யாரும் புகையிலை போடுவதில்லை.

மூன்றாவது போல்ட்டோடு கையை உள்ளே விட்டான்.

பக்கவாட்டுக் கதவு கிறீச்சிட்டது. பனி அப்பிய சிவப்பு பூட்ஸ் உள்ளே வந்தது.

"காபி போடப் போறேன்னு ரெண்டாவது போல்ட்லயே சொன்னேனே, காதுல விழலயா?"

ஓரின் மெதுவாகத் தலையைத் திருப்பினான். வண்டிக்கு முன்னால் வெறும் சிமெண்டுத் தரை. அதில் ஸ்பானர் கிடந்தது.

கை இன்னும் உள்ளே.

பல்சக்கரம் நகர்ந்தது. ஒரு பல். இழுத்தான். வரவில்லை. விரல்களின்மேல் ஏறி, நசுக்காமல், பிடித்துக்கொண்டது.

"போதும்," என்றான்.

நின்றது.

ஆர்டிஸ் குனிந்து பார்த்தாள். கோப்பை கையிலிருந்து நழுவியது.

பிறகு, மிக மெல்ல, இன்னொரு பல்.