நாஸியா எப்போது கிளம்புவாள்?

கால் மணி நேரமாகியும் டீ ஆறவில்லை. நாஸியா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏசியின் முனகலுக்கும் கம்ப்யூட்டரின் சூடேறிய தூசி வாசனைக்கும் நடுவே, கண்ணாடித் தம்ளரிலிருந்து ஆவி மட்டும் ஒரே சீராக எழும்பிக்கொண்டிருந்தது.

நந்தனத்தில் ஐந்தாம் மாடி அலுவலகம். ஊழியர்கள் கதவில் அட்டையைத் தேய்க்கும் பதிவுகளை வைத்து, யார் எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல வாஜித் ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். அலுவலகத்தையும் ஆட்களையும் தனக்குள்ளே அப்படியே நகலெடுத்து, நடத்திப் பார்த்துச் சொல்லும் என்று பீற்றிக்கொண்டான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"எந்த புரோகிராம் முடியும், எது முடியாம சுத்தும்னு சொல்ற புரோகிராம் கெடையவே கெடையாது. காலேஜ்ல படிச்சதுதானே?"

"அது புக்ல, நாஸியா. மனுசன் எவன் சுத்திக்கினே கீறான்? ஆறு மணியானா பையத் தூக்கிடுவான்."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றான். அவனை மடக்க அவள் ஒரு குறும்பு செய்தாள். புரோகிராமுக்குள்ளே இருக்கும் நாஸியாவும் இதே புரோகிராமை ஓட்டுவாள். பதிலைப் பார்த்து நேர்மாறாக நடப்பாள். கிளம்புவாள் என்றால் உட்காருவாள், உட்காருவாள் என்றால் கிளம்புவாள். அதைச் சேர்த்து ஓடவிட்டாள்.

மற்ற எல்லோர் பெயருக்கும் நேரம் வந்தது. அவள் பெயருக்கு எதிரே மட்டும் 'கணக்கிடுகிறது'.

"பாரு, நிக்கவே நிக்காது" என்று வெற்றியோடு திரும்பினாள். வாஜித் இல்லை. அலுவலகத்தில் யாருமே இல்லை.

மணி மூன்று நாற்பது. அடையாற்றுக் குழந்தைகள் காப்பகத்தில் மூன்று வயது மகன் ரெஹான் காய்ச்சலோடு கிடந்தான். நான்கு மணிக்குள் வருவதாகச் சொல்லியிருந்தாள். கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அட்டையைத் தேய்த்தாள். கதவோரச் சின்னத் திரையில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை.

கணக்கிடுகிறது.

கதவை அறைந்தாள். சத்தம் வரவில்லை. ஜன்னலுக்குக் கீழே அண்ணா சாலையில் ஒரு பஸ், பாதி திரும்பியபடி. அசையவில்லை. புரோகிராமை நிறுத்த ஓடினாள். பொத்தானுக்கு மேல் விரல் நின்றது.

உள்ளே இருப்பவளும் இதைத்தானே செய்வாள்? நிறுத்தினால், நின்றுபோவது யார்?

மேசை போனை எடுத்துக் காப்பகத்தை அழைத்தாள். ஆயா லூர்துமேரி எடுத்தாள்.

"ஆயா, நாஸியா பேசறேன். ரெஹான்..."

"ஹலோ? ஹலோ? ஒண்ணும் கேக்கலியே" என்றாள் ஆயா. பிறகு வாயைத் திருப்பிக்கொண்டு, "நாஸியாம்மா! செருப்பு மாட்டிக்கினது போதும், இங்க வா. உன் ஆபீஸ் நம்பருதான். நீயே பேசு."

நாஸியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஹலோ? வாஜித்?" என்றது அவளுடைய குரல்.

அலறினாள். தொண்டை கிழிய அலறினாள்.

"யாரு, அம்மி?" என்றான் ரெஹான்.

"யாருமில்லடா தங்கம். ஆபீஸ்ல ஒரு புரோகிராம நிறுத்தாம வந்துட்டேன். ஓடட்டும். திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

அந்த அம்மாவின் தோளிலிருந்து ரெஹான் சிரித்தான். அவன் அம்மா இங்கே அலறிக்கொண்டிருந்தாள்.