இரண்டாவது ஹாலில் ஒருத்தர்

இப்போதெல்லாம் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எதிரில் ஒரு ஆள் நின்றால்கூட, நிற்கிறான் என்று கையிலிருக்கும் கண்ணாடிப் பலகை சொல்ல வேண்டும். அது சொல்லாவிட்டால் அவன் நிற்கவே இல்லை. இதைக் கண்டாலே, டேட்டா சென்டரில் தீயணைக்கும் கேஸைக் கவனித்துக்கொள்ளும் கேஸ்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்குப் பகல் பதினொரு மணிக்கும் அதே கூத்துதான். அந்தப் பெரிய டேட்டா சென்டர் கட்டடத்தை வாங்க வந்த கம்பெனியின் அதிகாரி, மகள் வயசுப் பெண், இரண்டாவது ஹாலின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் டேப்லெட்டை முறைத்துக்கொண்டு நின்றாள்.

“ஐயா, உள்ள ஒருத்தர் இருக்காங்க.”

“ஈ காக்கா இல்லம்மா. மெஷினை எல்லாம் போன வாரமே கழட்டி ஏத்தியாச்சு.”

“உடம்புச் சூட்டை வச்சு எண்ணுற சென்சார் இது. ஒண்ணுன்னு காட்டுது.”

“எங்க வீட்டு எடை மெஷின்கூட என்னை ஒல்லின்னுதான் காட்டுது. நம்பிடவா?”

பக்கத்தில் நின்ற கட்டட மேனேஜர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். “சட்டுனு ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுங்கண்ணே. மத்தியானத்துக்குள்ள கேஸைத் திறந்து காட்டணும். அது முடிஞ்சாதான் கட்டடம் கைமாறும்.”

நெருப்புப் பிடித்தால் இந்த மாதிரி இடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது. ஹாலைப் பூட்டிவிட்டு வாயுவைத் திறப்பார்கள். அது காற்றை வெளியே தள்ளிவிடும், தீ மூச்சுத் திணறி அணையும். அந்தச் சாவி இருபது வருஷமாக இவர் இடுப்பில்தான்.

அதிகாரி ஒரு தாளை நீட்டினாள். “ரெண்டு வரிதான். ஹால்ல யாரும் இல்லைன்னு ஒண்ணு. இன்னொண்ணு, அந்தப் பழைய விபத்து அறிக்கை சரின்னு. ஏதாவது மாத்திச் சொல்லணும்னா இன்னைக்கே சொல்லிடுங்க. வித்துட்டா அந்தக் கோப்பை மூடிடுவாங்க.”

கேஸ்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

குளிர் முகத்தில் அறைந்தது. முன்பு ஆயிரம் விசிறிகள் இரைந்த இடத்தில் இப்போது வெறும் இரும்புச் சட்டங்கள் வரிசை வரிசையாக நிற்க, அவற்றின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்க, சூடேறிய தூசி வாடையும் ரப்பர் வாடையும் மட்டும் காலி பண்ணிப் போகாத குடித்தனம் மாதிரி அங்கேயே தங்கியிருந்தன. அவர் நடக்க நடக்கத் தரைப் பலகை டங் டங் என்றது. அதன் அடியில், கேபிள் ஓடுவதற்காக, ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குப் பள்ளம்.

அந்தப் பள்ளத்தில்தான் ஏணி செத்தான்.

இங்கே கேபிள் வேலை பார்த்தவன். உயரத்துக்காக வைத்த பேர் அது. உள்ளே போகிறவன் கதவோரப் போர்டில் தன் டோக்கனை மாட்ட வேண்டும், வரும்போது எடுக்க வேண்டும். போர்டு காலியானால்தான் கேஸ் திறக்கலாம். ஆனால் பாதிப் பேர் எடுக்க மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஷிப்டு மாறும்போது கேஸ்காரர் மிச்ச டோக்கனை எல்லாம் மொத்தமாக வழித்து டிராயரில் போடுவார். யாருடையது என்று பார்க்கிற பழக்கம் கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அப்படி வழித்துப் போட்ட கொஞ்ச நேரத்தில் புகை அலாரம் அடித்தது. போர்டைப் பார்த்தார். காலி. சாவியைத் திருப்பினார்.

ஏணி காதை அடைத்துக்கொண்டு தரைக்கடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

டோக்கன் மாட்டாமல் போனது அவன் தப்பு என்று அறிக்கை எழுதினார்கள். சாப்பாட்டு டப்பாவை வாங்கிப் போக வந்த அவன் சம்சாரம் இவரிடம்தான் கேட்டாள்: “டோக்கன் மாட்ட அவரு மறக்கவே மாட்டாரேண்ணே?”

“மறந்துட்டாரும்மா,” என்றார் கேஸ்காரர்.

டக்.

நின்றார். ஏசி குழாய் சுருங்குகிற சத்தம்தான். இரும்பு அப்படித்தான் பேசும்.

டக். டக்.

கடைசி வரிசையில் ஒரு பலகை மட்டும் விரல் அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. இடுக்கில் இருட்டு. குனிந்து தூக்கினால் தெரிந்துவிடும். குனியவில்லை. இடுப்பு வலி என்று தனக்கே சொல்லிக்கொண்டார். காலை அதன்மேல் வைத்து அழுத்தினார். படிந்தது.

பிறகு, செருப்புக்கு அடியில், மெல்ல மேலே வந்தது.

மிதித்தார். வந்தது. ரெண்டு காலையும் வைத்து ஏறி நின்றார். அழுத்தம் நின்றது. அவர் மூச்சு மட்டும் கேட்டது. அவர் மூச்சுதானா?

வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது.

“யாராவது இருக்காங்களாய்யா?”

“இல்ல.”

“அறிக்கை?”

பேனாவை வாங்கினார். டோக்கனை எடுத்தது நான்தான் என்று ஒரு வரி. வாய் வரைக்கும் வந்தது.

“அண்ணே, சீக்கிரம்,” என்றார் மேனேஜர்.

ரெண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். சாவியைத் திருப்பினார். அலாரம் முப்பது விநாடி அலறி ஓய்ந்தது. உள்ளே வாயு சீறியது. அதுவும் அடங்கியது. அதிகாரி, “நல்லா வேலை செய்யுது,” என்று டிக் அடித்துக்கொண்டு மேனேஜரோடு சாப்பிடப் போனாள். டேப்லெட் இப்போது என்ன காட்டுகிறது என்று அவர் கேட்கவில்லை.

கால் மணி நேரம் கழித்துக் கதவைப் பார்த்தார்.

கண்ணாடியின் கீழ்ப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அளவுக்குப் பனி பூத்திருந்தது. சட்டைக் கையால் துடைத்தார். போகவில்லை. அது உள்பக்கம்.

தானாக மறைந்தது. மறுபடி பூத்தது. மறைந்தது. பூத்தது. ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட அவசரமாக.

உள்ளே ஒரு சொட்டுக் காற்று கிடையாது.

“கண்ணாடின்னா வேர்க்கத்தான் செய்யும்,” என்றார் யாரும் கேட்காமலே. “ஏசியை ஒழுங்கா அணைக்கத் தெரியல இவனுங்களுக்கு.” சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, அதே கடுகடுப்போடு, திரும்பிப் பார்க்காமல் வெயிலில் இறங்கி நடந்தார்.