நப்லாவின் சிவந்த கன்னங்கள்

மூச்சு நின்ற பிறகும் நப்லாவின் கன்னங்கள் சிவந்தே இருந்தன. மூன்று மாதக் குழந்தை. இப்போதுதான் அழுது ஓய்ந்து உறங்குகிறாள் என்று யாரும் நினைப்பார்கள். இன்ஸ்பெக்டர் இராகுலனும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தார்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னால் இரசாயனக் கிடங்கு எரிந்து நாலாம் நாள். கிடங்கை ஒட்டிய ஒழுங்கை வீடுகள் முழுக்க இருமலும் கண்ணெரிவும். கதவு, யன்னலை இறுக்கிச் சாத்துங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னவர்கள் யாரும் இந்த ஒழுங்கையில் குடியிருக்கவில்லை.

பிற்பகல் இரண்டு மணி. அடக்கத்துக்கு முன்னால் விசாரணை முடியவேண்டும்.

"நான்தான் சேர்." குழந்தையின் தகப்பன் றிஸ்கான் இரண்டு கைகளையும் நீட்டினான். "கிடங்குல நெருப்பணைச்ச உடுப்போட வந்து புள்ளயத் தூக்கினனான். அந்த நஞ்சுதான் புள்ளயக் கொன்னுட்டுது. என்னக் கொண்டு போங்க."

இராகுலன் அறையைப் பார்த்தார். யன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டியிருந்தது. கதவடியில் ஈரத்துணி. வெளியே கொடியில் கிடந்த துணியெல்லாம் கரி படிந்திருக்க, குழந்தையின் ஏணைத் தொட்டில் கட்டிய வெள்ளைச் சேலையில் ஒரு புள்ளி இல்லை. குழந்தையின் சட்டையிலும் இல்லை. குனிந்தபோது அவளுடைய தலைமயிரில் சாம்பிராணி மணந்தது.

பக்கத்து வீட்டு நபீஸாவிடம் கேட்டார்.

"றிஸ்கான் எப்ப வந்தவர்?"

"புள்ளட உம்மா நஸ்ரியா கதவத் திறந்து குளறி அழுத பிறகுதான். நான்தான் ஆளனுப்பிக் கூப்பிட்டனான்."

"தாய்க்கு ஒண்டுமில்லையா?"

"அறைக்குள்ள போய் நிண்டதும் தலை சுத்தி விழுந்திட்டா, பாவம்."

குசினியில் எரிவாயு அடுப்பு. பின்மதிலில் ஒரு மண்சட்டி, கழுவிக் கவிழ்த்தபடி, ஈரம் காயாமல். இராகுலன் றிஸ்கானைப் பின்வளவுக்குக் கூட்டிப்போனார்.

"சாம்பிராணிச் சட்டிய ஆரும் கழுவுறேல்லத் தம்பி. என்ட வீட்டுச் சட்டி வருசக் கணக்கா கருப்பாத்தான் கிடக்குது. நீங்கள் ஏன் கழுவினனீங்கள்?"

றிஸ்கான் மதிலைத் திரும்பிப் பார்த்தான்.

"வெளிப்புகை உள்ள வரேல்ல. வந்திருந்தா சேலை கறுத்திருக்கும். புள்ளயக் குளிப்பாட்டி, சிரட்டைக் கரியில சாம்பிராணி போட்டுத் தலை காய வச்சு, ஏணையில விட்டிட்டு அறையச் சாத்தியிருக்கு. தணல் உள்ளயே இருந்திருக்கு. காத்துப் போக்கில்லாத அறையில தணல் விடுற நச்சுக்காத்துக்கு மணமில்ல. அது கொன்னாத்தான் கன்னம் இப்பிடிச் சிவக்கும்."

"சேர், அல்லாவுக்காக." அவன் அவருடைய கையைப் பிடித்தான். "நஸ்ரியா கிடங்குப் புகையாலதான் எண்டு நினைச்சிட்டு இருக்கட்டும். புள்ளயும் போய் அவவும் போனா நான் என்ன செய்யிற?"

இராகுலனும் பிள்ளை பெற்றவர். பொய்யை அப்படியே எழுதிவிட்டுப் போய்விடத்தான் மனம் சொன்னது.

"இந்த ஒழுங்கையில இன்னும் கைக்குழந்தையள் இருக்குது, றிஸ்கான். எல்லா வீடும் இப்பிடித்தான் ஒட்டிக் கிடக்குது. மறைச்சா நாளைக்கு இன்னொரு புள்ள மையத்தாகும்."

பின்கதவில் நஸ்ரியா நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"கிடங்கு நாத்தம் போகட்டும் எண்டுதான் சட்டிய உள்ளுக்கே வச்சனான்" என்றாள். "நான்தான் வச்சனான்." பிறகு கணவனைப் பார்த்தாள். "எனக்காகவா பொய் சொன்னீங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பெற்றவளைக் குற்றவாளி என்று சொல்ல இராகுலனுக்கு நா எழவில்லை. சாத்தச் சொன்னவர்கள் தணலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நப்லா இருந்திருப்பாள்.

"அறைக்குள்ள தணல் வைக்க வேணாமெண்டு பள்ளிவாசல்ல சொல்லச் சொல்லுங்க, சேர்" என்றாள் நஸ்ரியா. "என்ட பேரச் சொல்லியே சொல்லுங்க. அப்பதான் நம்புவாங்க."

சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை. முக்காட்டை இழுத்துக்கொண்டு, கைக்குழந்தை இருந்த எதிர்வீட்டுக்கு ஓடினாள். ஈரத்துணியைக் காலால் தள்ளி, சாத்தியிருந்த அறைக்கதவைத் திறந்தாள். ஏணைக்கடியில் சட்டி புகைந்துகொண்டிருந்தது. குழந்தையை வாரி எடுத்து முற்றத்துக்கு வந்து, மூக்கருகில் விரலை வைத்தாள்.

குழந்தை வீரிட்டு அழுதது.

நஸ்ரியா அந்த மண்ணிலேயே உட்கார்ந்தாள். காலையில் ஒருதரம் குளறியதோடு கல்லாய்ப் போனவள், அடுத்தவள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி, தன் பிள்ளைக்காக அழத் தொடங்கினாள்.