முகத்தின் மேல் ஐந்து வளையங்கள்

முசரவாக்கம் வீட்டை இந்த வாரமும் திறந்தபோது மதியம் பன்னிரண்டு மணி. பின்னறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, பிரிண்ட் போடும் என் பழைய மெஷினைத் துடைத்து வைத்தேன்.

என் மனைவி ஏஞ்சல் கல்யாணமான எட்டாம் மாதம் காய்ச்சலில் போனாள். ஆல்பம் மழைவெள்ளத்தில் ஊறிப்போனது. மிஞ்சியது நான் எடுத்த ஒரே நெகட்டிவ். போன வாரம் வரை, இருபத்தெட்டு வருஷம் அதைத் தொடவில்லை. தைரியமில்லை, அவ்வளவுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் முகமே எனக்கு மறந்துவிட்டது.

அவள் தம்பி கமல் போனில் அவசரப்படுத்தினான். "கல்லறைல பதிக்கணும் மாமா. அக்கா போட்டோ எப்ப ரெடியாவும்?"

"அதத்தான் பண்ணிக்கினு இருக்கேன்பா."

சுருண்ட ஃபிலிமை இரண்டு கண்ணாடிக்கு நடுவே அழுத்தினால், அதன் வழவழப்பான பக்கம் கண்ணாடியைத் தொடும் இடத்தில் வளையங்கள் விழும். போன வாரம் இங்கே முதன்முதலாகப் போட்ட பிரிண்டில் அவை சரியாக அவள் முகத்தில் விழுந்திருந்தன. அதனால்தான் ஆன்டி-நியூட்டன் கண்ணாடி வரவழைத்தேன். அதன் ஒரு பக்கம் லேசான சொரசொரப்பு. அந்தப் பக்கம் ஃபிலிமின் வழவழப்பான பக்கத்தை நோக்கி இருந்தால் வளையம் விழாது. நகத்தால் தடவிப் பார்த்து, சரியாகத்தான் வைத்தேன்.

சிவப்பு விளக்கில், மருந்துத் தட்டில் நனைத்த பேப்பரில், நாற்காலி தெரிந்தது. புடவை தெரிந்தது. பழைய வளையங்கள் போயிருந்தன. ஆனால் முகத்தின் மேல் புதிதாக ஐந்து சின்ன வளையங்கள், விரித்த விரல்களின் இடைவெளியில்.

என் கைரேகைதான் என்று என்னையே திட்டிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடி போட்டேன்.

ஐந்தும் இருந்தன. பெரிதாகியிருந்தன.

போன வாரப் படத்தில் இரண்டு கைகளையும் மடியில் கோத்து உட்கார்ந்திருந்தவள் அவள்.

இப்போது மடியில் ஒரு கைதான் இருந்தது.

பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் எப்போது நின்றதென்று தெரியவில்லை. பயந்தேன். பயத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. என்னை ஒருவர் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. மெஷினிலிருந்து கண்ணாடிச் சட்டத்தை உருவி, அந்த ஐந்து இடங்களிலும் என் விரல்களை வைத்தேன்.

அந்தப் பக்கத்திலிருந்து யாரோ அழுத்தினார்கள்.

"ஏஞ்சல், முகத்தக் காட்டும்மா," என்றேன் மெதுவாக.

அழுத்தம் விலகியது. அடுத்த பிரிண்டில் ஒரு வளையம்கூட இல்லை. சுத்தமான படம்.

வெறும் நாற்காலி.

குப்புற வைத்திருந்த போன் அடித்தது. எடுத்தேன். "படம் நல்லா வந்திருக்குதா மாமா?"

பின்னாலிருந்து ஓர் ஈரக் கை என் தோளில் பதிந்திருந்தது. மருந்து வாசனை அடித்தது. தடவித் தடவி வெள்ளை விளக்கைப் போட்டுத் திரும்பினேன்.

யாருமில்லை. நெகட்டிவிலும் நாற்காலி மட்டும்தான்.

"மாமா?"

"படம் இல்லப்பா," என்று போனை வைத்தேன்.

விளக்கை அணைத்தேன். கை மறுபடி தோளுக்கு வந்தது.