ஐந்தாவது பாதை

மீட்டரில் ஆறு கிலோமீட்டர் கூடியிருந்தது.

இராமலெட்சுமி கைப்பையைக்கூட இறக்கிவைக்காமல் குனிந்து பார்த்தாள். சைக்கிள் காலையில் நின்ற இடத்திலேயே, ஜன்னலோரச் சுவரருகே, பின்சில்லு தரையில் படாமல் ஸ்டாண்டில் நின்றது. முன்சில்லின் அச்சில் பொருத்தியிருந்த அந்தச் சிறிய மீட்டர், கம்பியிலுள்ள முள் சுற்றுக்கு ஒருதரம் வந்து தட்டினால்தான் நகரும். ஏழு மாதமாக அது நகரவில்லை. ஏழு மாதமாக ஒவ்வொரு மாலையும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அவள் விளக்குப் போடுவாள்.

கதவைப் பார்த்தாள். பூட்டு அப்படியே இருந்தது. சாவி ஒன்றுதான், அது அவள் கையில். கீழே, காலி ஊருக்குப் போகும் காலி வீதியில் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. முன்சில்லின் கீழே, சிவப்புச் சிமெந்துத் தரையில், டயர் ஒரே இடத்தில் தேய்ந்த கறுப்புக் கோடு.

மறுநாள் பதினாறு கூடியிருந்தது. அதற்கு மறுநாள் இருபத்தாறு.

படிக்கட்டில் கீழ்வீட்டுப் பைறோஸா மறித்தாள்.

"லெட்சுமி, ஒங்கட ஊட்டுல பகல்ல யாரு சைக்கிள் ஓட்டுற?"

"யாருமில்லயே."

"அப்ப என்ட தலைக்கு மேல ரேஸ் ஓடுற யாரு? மேல் ஊட்டுக்கு ஒரு கப் வாங்கிக் குடுக்கோணும் எண்டு என்ட மனிசன் சொல்றாரு." சிரித்தவள் இராமலெட்சுமியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "சும்மா சென்ன. மனசுல வெச்சுக்காதீங்க."

அன்றிரவு இராமலெட்சுமி தன் புருஷன் தங்கையாவின் கொப்பியை எடுத்துப் பக்கம் புரட்டினாள். அவன் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடமொன்றில் புவியியல் படிப்பித்தவன். ஞாயிறுகளில் சைக்கிளில் கிளம்பி, போய்வந்த பாதைகளை ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதுவான். சுற்றிப் பார்க்கச் சல்லி தேவையில்லை, இரண்டு சில்லுப் போதும் என்பான்.

முதலாவது, வெள்ளவத்தைக் கால்வாய்க் கரை. போய்வர ஆறு கிலோமீட்டர். விடியுமுன் போனால் பாலத்தடியில் நீர்க்காகம் இறக்கை உலர்த்துவதைக் காணலாம்.

இரண்டாவது, பெல்லன்வில சதுப்பு. பதினாறு. மழைக்கு மறுநாள் போகவும்.

மூன்றாவது, தலங்கமக் குளம். இருபத்தாறு. தாமரை இலைமேல் நீலத் தாழைக்கோழி நடக்கும். பிரேக் பிடிக்காதீர்கள், பறந்துவிடும்.

கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். நான்காவது, பொல்கொட ஏரி. முப்பத்தெட்டு.

வியாழன் மாலை வேலையால் வந்தபோது மீட்டரில் முப்பத்தெட்டுக் கூடியிருந்தது. அவள் கண்ணாடிக்கு முன்னால் போய் குங்குமத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் தங்கையாவின் தம்பி இராமர் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தான். கதிரையின் நுனியில் இருந்தான்.

"அண்ணி, அம்மாவுக்கு இனி ஏலாது. கண்ண மூடுறதுக்குள்ள மகனுக்குக் கருமாதி செஞ்சு பாக்கணும்கிறாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"யாருக்குக் கருமாதி?"

"அண்ணி..."

"ஒடம்பப் பாத்தீங்களா? நான் பாக்கல. அவரு ஓடிக்கிட்டுத்தான் இருக்காரு தம்பி. இன்னிக்கி முப்பத்தெட்டு."

இராமர் சைக்கிளைப் பார்த்தான். அவள் நெற்றியைப் பார்த்தான். "நாளைக்கி ஒரு டொக்டர பாப்பமா?"

"ஞாயித்துக்கிழம வாங்க. முடிவு சொல்றேன்."

அவன் போனபிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். ஐந்தாவது, முத்துராஜவெல. கொட்டாஞ்சேனை தாண்டி ஹமில்டன் கால்வாய் வழியாக வடக்கே. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சதுப்பு, நடுவில் தென்னை நிழல். தூரம் எழுத விட்ட இடம் வெறுமையாக இருந்தது. ஏழு மாதத்துக்கு முன், அந்தப் பாதையில் போன ஞாயிறு, அவன் திரும்பி வரவில்லை. சைக்கிளைத்தான், கைப்பிடியில் எழுதியிருந்த முகவரியைப் பார்த்து, ஒரு சிங்கள மீனவர் லொறியில் ஏற்றிவந்து இறக்கினார். ஆட்களை ஏற்றிக்கொண்டு மறையும் வெள்ளை வான் வண்டியொன்று நின்றதாம். அதில் வந்தவர்கள் வண்டியின் முன்மூடியில் ஒரு பாதைப் படத்தை விரித்து, தங்கையாவிடம் இந்தச் சிவப்புப் புள்ளி என்ன, இது என்ன என்று கேட்டார்களாம்.

அந்தப் படம் அவள் கீறியது.

பம்பலப்பிட்டியில் ஒரு நில அளவையாளரிடம் வரைபடம் கீறுவதுதான் அவள் வேலை. தங்கையாவின் பாதைகளுக்கும் அவளே கீறுவாள். இராணுவம் காவல் நிற்கும் சென்றி வருமுன் சைக்கிளை விட்டிறங்கித் தள்ளவேண்டும். மறந்து மிதித்தால் உயிர் போகும். வாசகர் எவரும் மறந்துவிடக்கூடாது என்று, சென்றி இருக்குமிடமெல்லாம் அவள் சிவப்பு மையால் புள்ளி வைத்தாள். ஒன்பது புள்ளி. புள்ளிகள் சரியா என்று பார்க்கத்தான் அவன் படத்தை எடுத்துப்போனான்.

இதை அவள் இராமருக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. மழை இருட்டுக் கட்டியிருந்தது. படத்தின் பென்சில் நகலைத் தரையில் விரித்து, தூரம் அளக்கும் நூலைக் கையில் வைத்துக்கொண்டு சைக்கிளுக்கு முன்னால் இருந்தாள். அவன் கிளம்பும் ஆறு மணி கடந்தது, அவள் வேலைக்குப் போகும் நேரமும் கடந்தது. கடலோரமாக ஒன்பது மணி ரயில் போய், அதன் அதிர்வு ஜன்னல் கண்ணாடியில் அடங்கியபோது, முன்சில்லு அசைந்தது.

டிக்.

யாரோ மெதுவாக மிதிப்பதுபோல் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றியது. ரப்பர் சிமெந்தில் உரசியது. டிக். டிக். மழைவாசனையோடு சூடான ரப்பரின் நாற்றம் அறையில் ஏறியது. அவள் நூலைக் கடலோரமாகப் பிடித்துக்கொண்டு போனாள். ஒன்பது கிலோமீட்டரில் கொட்டாஞ்சேனை. முதற் புள்ளி. சில்லு நின்றது. பிறகு மிக மெல்ல உருண்டது.

இறங்கித் தள்ளுகிறான்.

அவள் வாய்விட்டு அழுதாள். புள்ளி தாண்டியதும் சில்லு வேகமெடுத்தது. இரண்டாவது புள்ளி. நின்றது, உருண்டது. பாலம். கால்வாய். ஐந்து. ஆறு. ஒவ்வொன்றிலும் இறங்கினான். ஒன்றையும் மறக்கவில்லை.

எட்டு.

மீட்டரில் முப்பத்தொன்று கூடியிருந்தது. நூலின் நுனி ஒன்பதாவது புள்ளியில் இருந்தது.

சில்லு நின்றது.

பத்து நிமிடம். இருபது. மழை பெய்து விட்டது. கீழே பைறோஸாவின் வீட்டில் ரேடியோ ஓய்ந்தது.

சேற்று வாசனை வந்தது. உப்பும் அழுகிய இலையும். அறை குளிர்ந்தது.

இருக்கையின் இரண்டு ஸ்பிரிங்கும் மெல்ல அமுங்கின.

மேலே யாருமில்லை.

"வந்துட்டீங்களா?"

அவள் நூலைக் கீழே வைத்தாள்.

"புள்ளிய நான்தான் வெச்சேன்." குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நான்தான்."

ஸ்பிரிங் அமுங்கியபடியே இருந்தது. அவள் எழுந்தாள். பின்கரியரில், கோயிலுக்குப் போகும்போது இருப்பதுபோல், ஒருபக்கமாக ஏறி இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இருகையாலும் வெறுங்காற்றை அணைத்தாள்.

காற்றல்ல.

ஈரத்துணி. அதற்குள் முதுகு. அவள் அறிந்த முதுகு. குளிர்ந்து கிடந்தது. கன்னத்தை அதில் வைத்தாள்.

முதுகுக்கும் அவள் மார்புக்கும் நடுவில் ஏதோ தடுத்தது. ஒரு கையை விலக்கித் தடவினாள்.

கைகள். இரண்டு. பின்னால் சேர்த்து. மணிக்கட்டில் கம்பி. கம்பி சதைக்குள் போயிருந்தது.

கண்ணைத் திறந்தாள். முன்னால் கைப்பிடியை யாரும் பிடித்திருக்கவில்லை.

அந்த விரல்கள் அசைந்தன. ஒவ்வொன்றாக. தேடின. அவள் விரல்களைக் கண்டுபிடித்து, இறுகப் பற்றிக்கொண்டன.

டிக்.