கை, கால் அல்லது இரண்டும்!

டெலிபோன் அலறியது.

கத்தரி எடுக்கவில்லை.

'கத்தரி' என்பது ஆபீஸ் அவளுக்கு வைத்த பெயர். காப்புரிமை அலுவலகத்தில் மெமரி சிப் சம்பந்தப்பட்ட எல்லா விண்ணப்பங்களும் அவள் மேஜையில்தான் வந்து விழும். விழுந்தது எதுவும் முழு உருவத்தோடு எழுந்து போனதாகச் சரித்திரம் இல்லை. இங்கே ஒரு வரி, அங்கே ஒரு பாரா என்று வெட்டித் தள்ளிவிடுவாள்.

இப்போது அவள் கண் மேஜையில் கிடந்த ஒரு பழைய புத்தகத்தில் இருந்தது. அதில் ஒரு படம். அந்தப் படத்தில் ஏதோ உறுத்தியது...

மறுபடி அலறல்!

எடுத்தாள்.

"ஹலோ?"

"மேடம்... இன்னிக்கு விசாரணைக்கு வர்ற அந்த மெமரி சிப் விண்ணப்பம்... அதை நீங்க நிராகரிக்கணும்."

குரலை மாற்றும் ஏதோ ஒரு ஆப். ஜலதோஷம் பிடித்த வாத்து பேசுவது போல இருந்தது.

"நிராகரிக்கலைன்னா?"

"உங்களுடைய கை, கால் அல்லது இரண்டும் உடைக்கப்படும்!"

"எந்தக் கை?"

வாத்து ஒரு கணம் தடுமாறியது.

"குறைந்தபட்சம் ஒரு கை! கை என்பது வலது கை, இடது கை, அல்லது அவற்றின் ஏதாவது ஒரு சேர்க்கை! உடைத்தல் என்பது முறித்தல், நசுக்குதல் உள்ளிட்ட, ஆனால் அவற்றோடு மட்டும் நின்றுவிடாத..."

"ரொம்ப நீளமா போகுது. சுருக்கிச் சொல்லுங்க."

டொக்!

லைன் செத்தது.

கத்தரி ரிசீவரை வைத்தாள். பயம்தான், சந்தேகமே இல்லை. அந்தப் பயத்திலும் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. மிரட்டலைக்கூட இப்படி இழுத்துப் பேசுகிற ஜாதி இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

கணவனுக்குப் போன் போட்டாள். அவன் க்ரைம் பிரிவு இன்ஸ்பெக்டர்.

"என்னங்க, என்னை ஒருத்தன் மிரட்டறான்."

"யாரு, எங்கம்மாவா?"

"அவங்க ஏன் ஒருத்தன் ஆகப் போறாங்க? போன்ல ஒரு ஆள். கையை உடைச்சுடுவானாம்."

"எந்தக் கையை?"

"அதையேதான் நானும் கேட்டேன்!"

விளையாட்டு சட்டென்று நின்றது. "கதவைச் சாத்திட்டு உள்ளேயே இரு. இதோ வந்துட்டேன்."

வந்தான். மஃப்டியில். மீசை மட்டும் யூனிஃபார்மில் இருந்தது.

"கொலை, கொள்ளைன்னு அலையறவன் நானு. மிரட்டல் வர்றது உனக்கா? நீ என்னடி பண்ணே?"

"அசலைக் கேட்டேன்."

"எதோட அசலை?"

பழைய புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

"ஒரு பொண்ணு. வேலையை விட்டுட்டு, அக்கா வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்து ஆறு வருஷமா ஒரு சிப் பண்ணியிருக்கா. மெமரிக்கும் ப்ராசஸருக்கும் நடுவுல இருக்கற வாசல் அது. நிறைய கம்பி வழியா தகவல் ஓடும். சூடேறினா ஒரு கம்பி முந்தும், ஒரு கம்பி பிந்தும். எல்லாம் குளறுபடி ஆகும்."

"நம்ம வீட்டுக் காலை நேரம் மாதிரி."

"அப்படியே! அதைச் சரி பண்ண எல்லாரும் வேலையை நிறுத்திட்டு கம்பிகளைச் சோதிப்பாங்க. இவ ஒண்ணு கவனிச்சா. மெமரி அப்பப்போ தன்னைத்தானே புதுப்பிச்சுக்கும். அந்தக் கண நேரம் கம்பியெல்லாம் சும்மாதான் இருக்கு. அந்தச் சந்துல சோதிச்சு முடிச்சுடறா! யாருக்கும் தொந்தரவே இல்லை."

"அட!"

"இதுக்கு பேட்டன்ட் கேக்கறா. குடுக்கக் கூடாதுன்னு ஒரு பெரிய கம்பெனி எதிர்க்குது. உலகத்துல எந்த மூலையிலாவது எவனாவது இதையே முன்னாடி அச்சடிச்சிருந்தா, பேட்டன்ட் கிடையாது. அதான் சட்டம். கம்பெனி என்ன பண்ணிச்சு, ஒரு காலேஜ் கருத்தரங்கோட ஒன்பது வருஷப் பழைய புத்தகத்தைக் கொண்டு வந்துது. உள்ளே ஒரு கட்டுரை. அச்சு அசலா இவ ஐடியா!"

"முடிஞ்சுதா அவ கதை?"

"முதல்ல வெறும் நகல்தான் குடுத்தாங்க. அசல் புத்தகம் வேணும், அது வர்ற வரைக்கும் யார்கிட்டயும் எதையும் காட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். காலையில புத்தகம் வந்துது. பின்னாடியே போனும் வந்துது."

"அந்தக் காலேஜ்ல விசாரிப்போம்."

"மூடிட்டாங்க."

"கட்டுரை எழுதினவரை?"

"செத்துட்டாரு."

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினான். "செத்தவன் சாட்சி. எங்க டிபார்ட்மென்ட்ல இது ரொம்ப சகஜம்!"

"இங்க பாருங்க." கத்தரி பக்கங்களைப் புரட்டினாள். "இது வேற ஒருத்தர் கட்டுரை. படத்துல பெட்டி பெட்டியா இருக்கா? ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் அதோட பேர் எழுதியிருக்கு. இதுவும் அப்படித்தான். இதுவும். இஞ்சினீயர் படம் போட்டா இப்படித்தான் போடுவான். இப்போ நம்ம செத்தவர் படத்தைப் பாருங்க."

பார்த்தான். பெட்டிகளுக்குள் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் வால் போல ஒரு கோடு வெளியே வந்து, நுனியில் ஒரு எண். இருபது. இருபத்திரண்டு. இருபத்திநாலு. இருபத்தாறு...

"ஏன் ஒண்ணு விட்டு ஒண்ணு?"

"பின்னாடி எதையாவது நுழைக்கணும்னா இடம் வேணுமே! வால் வெச்சு, இடம் விட்டு நம்பர் போடறவன் ஒரே ஒருத்தன்தாங்க. பேட்டன்ட் விண்ணப்பம் எழுதிக் குடுக்கற ஏஜென்ட். இந்தப் பக்கங்களை எவனோ ஒரு ஏஜென்ட் புதுசா எழுதி, பழைய புத்தகத்துல சேர்த்துத் தெச்சிருக்கான். கையை உடைக்கறதுக்கும் பேட்டன்ட் பாஷையில விளக்கம் குடுத்தானே, அதே ஆளு!"

"இன்னிக்கு எத்தனை ஏஜென்ட் வர்றாங்க?"

"ரெண்டு பேர். ஒருத்தர் கம்பெனியோட ஏஜென்ட், கோட்டுன்னு கூப்பிடுவோம். இன்னொருத்தர் அந்தப் பொண்ணோட ஏஜென்ட். அவளோட சொந்த அத்தான், அக்கா புருஷன்."

"அப்போ கோட்டுதான்! தூக்கி உள்ளே போட்டுடறேன்."

"உங்க ஊர்ல அப்படி. எங்க ஊர்ல ஆதாரம் கேப்பாங்க."

"எப்படிக் கறப்பே?"

கத்தரி புத்தகத்தை மூடினாள்.

"திருடன்னு திட்டினா ஏஜென்ட் சிரிச்சுட்டுப் போயிடுவான். ஆனா அவனுக்கும் வலிக்கற இடம் ஒண்ணு இருக்கு. வாங்க!"

விசாரணை அறை.

நீள மேஜை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. குறிப்பெடுக்க வந்த உதவியாளன் என்ற பெயரில் இன்ஸ்பெக்டர் ஒரு மூலையில். அவன் அசையும்போதெல்லாம் நாற்காலி கிரீச்சிட்டு உண்மையைச் சொல்லப் பார்த்தது.

இடது பக்கம் கோட்டு. எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர்.

வலது பக்கம் அந்தப் பெண். நகத்தளவு சிப்பைச் சின்ன டப்பாவில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். பக்கத்தில் அத்தான். நரை மீசை, சாந்தமான முகம், கூராகச் சீவிய மூன்று பென்சில்கள்.

"அத்தான்... பயமா இருக்கு." கிசுகிசுத்தாள். "இது போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணுமே இல்லை."

"நான் இருக்கேன்ல? நீ பேசாம இரு, தங்கம்."

கத்தரி மூடிய புத்தகத்தை மேஜை நடுவில் வைத்தாள். அதன் மேல் தன் கையை வைத்தாள்.

"இது எதிர்த் தரப்போட ஆதாரம். விண்ணப்பதாரர் தரப்பு இதைப் பார்த்திருக்கீங்களா?"

"எங்கே மேடம் காட்டினாங்க?" அத்தான் வருத்தமாகச் சிரித்தார். "அட்டையைக்கூட இப்போதான் பார்க்கறேன்."

"குறிச்சுக்கோங்க!"

மூலையில் நாற்காலி கிரீச்சிட்டது.

"நான் உள்ளே படிச்சுப் பார்த்தேன்." கத்தரி பெருமூச்சு விட்டாள். "ஐடியா என்னவோ அதேதான்..."

பெண்ணின் முகம் வெளுத்தது. கோட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஆனா, இதை எழுதினவன் ஒரு அரைவேக்காடு!"

கோட்டு, "மேடம்?" என்றது.

"படத்துல நம்பர் போடக்கூடத் தெரியலை. இருபத்திநாலுன்னு ஒரு இடத்துல க்ளாக்குங்கற பெட்டிக்குப் போட்டிருக்கான். அதே இருபத்திநாலை இன்னொரு இடத்துல பஃபர்ங்கற பெட்டிக்குப் போட்டிருக்கான். எது எதுன்னே புரியலை. இப்படி ஒரு குப்பையை நான் எப்படி ஆதாரமா எடுத்துக்கறது?"

கோட்டு குழைந்தது. "பழைய கட்டுரை மேடம்... மனுஷன் அசதியில ஏதோ தப்பா போட்டிருக்கலாம்..."

அந்தப் பெண் துள்ளிவிட்டாள். "அத்தான்! கேட்டீங்களா? ஆதாரமா எடுத்துக்க முடியாதாம்!"

அத்தான் துள்ளவில்லை.

அவர் கையில் ஒரு பென்சில் மெதுவாக வளைந்தது.

"அசதியில்லைங்க. இது சுத்த அரைகுறை வேலை." கத்தரி விடவில்லை. "முதல் மாசம் வேலைக்குச் சேர்ந்தவன்கூட இப்படிப் பண்ண மாட்டான். நம்பரைச் சரிபார்க்கத் தெரியாதவனெல்லாம் எதுக்குப் பேனாவைத் தொடறான்? வெட்கமா இல்லை?"

படக்!

பென்சில் ஒடிந்தது.

"தப்பா பேசாதீங்க மேடம்!"

அத்தான் எழுந்து நின்றார். முகம் ஜிவ்வென்று சிவந்திருந்தது.

"இருபத்திநாலு ஒரே இடத்துலதான் இருக்கு! க்ளாக்! பஃபர் இருபத்தாறு! ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் பஃபர் இருபத்தாறுதான்! மூணு தடவை சரிபார்த்..."

வாய் நின்றது.

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

எல்லோருடைய கண்களும் மேஜைக்குப் போயின. புத்தகம் மூடியே கிடந்தது. அதன் மேல் கத்தரியின் கை, உடையாமல், பத்திரமாக!

"இல்லை... அது வந்து..." அத்தான் திருதிருவென்று விழித்தார். "எங்க விண்ணப்பத்துல இருக்கற நம்பர் ஞாபகத்துல..."

"உங்க விண்ணப்பத்துல க்ளாக் நூத்திப் பத்து. பஃபர் நூத்திப் பதினாலு." கத்தரி அமைதியாகச் சொன்னாள். "இருபத்திநாலு இந்தப் புத்தகத்துல மட்டும்தான் இருக்கு. அட்டையைக்கூட இப்போதான் பார்த்தீங்க!"

கோட்டு சத்தமில்லாமல் கதவுப் பக்கம் நகர்ந்தது. கதவில் ஒரு மீசை சாய்ந்து நின்றிருந்தது.

"உட்காருங்க சார். புத்தகத்தைத் தெச்ச தையல்காரர் அட்ரஸ் வேணும்."

கோட்டு உட்கார்ந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கோட்டைக் கழற்றியது.

"எல்லாம் அவர்தான்!" விரல் அத்தானை நோக்கி நீண்டது. "எங்க கம்பெனி பேட்டன்ட் பிரிவுக்கே தலைவரா போடறோம்னு சொன்னோம். எழுதிக் குடுத்தார். அசலைக் கேட்டதும் பயந்து, போன் பண்ணதும் அவர்தான்!"

பெண் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழக்கூட இல்லை. அதுதான் பார்க்க முடியவில்லை.

"நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலதானே இந்தப் படத்தை முதல்ல உங்களுக்குக் காட்டினேன்... அக்காகிட்ட நான் என்ன சொல்லுவேன் அத்தான்?"

"உங்கக்காவா?" அவர் குரல் கசந்தது. "காலையில கண் முழிச்சா 'என் தங்கச்சி, என் தங்கச்சி'. உன் தலைக்குள்ள புகையா இருந்ததை வரி வரியா எழுதி நிறுத்தினது யாரு? இருபது வருஷமா ஊர்ல உள்ளவன் மூளையெல்லாம் என் கையெழுத்துல வெளியே போகுது. ஒருத்தனாவது என் பேரைக் கேட்டிருப்பானா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே..." என்றாள் அவள். இப்போதுதான் அழுகை வந்தது.

கத்தரி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்து போய் அவள் தோளைத் தொட்டாள்.

"இந்தப் புத்தகம் செல்லாது. உன் சிப்பு உன்னுதுதாம்மா. வேற எங்கே தேடியும் எனக்கு இது கிடைக்கலை. பேட்டன்ட் கிடைக்கும்."

பெண் ஈரக் கண்ணோடு சிரித்தாள்.

"ஆனா உன் நாலாவது கோரிக்கை ரொம்ப அகலம். உலகத்துல இருக்கற எல்லா மெமரியையும் கேட்டிருக்கே. அதை வெட்டிடுவேன்."

பழக்கதோஷம்!

இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் கிளப்பினான். வாசல் வரை தலையைத் தொங்கப்போட்டுப் போன அத்தான் அங்கே நின்றார். திரும்பினார்.

"மேடம்... ஒரே ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"அந்த இருபத்திநாலு... நிஜமாவே ரெண்டு இடத்துல இருக்கா?"

கத்தரி புத்தகத்தை எடுத்தாள். பீரோவில் வைத்தாள். பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கேஸ் முடிஞ்சதும் சொல்றேன்."

"ஐயோ! சொல்லுங்க மேடம்! தூக்கம் வராது மேடம்! பஃபர் இருபத்தாறுதானே? ஒன்பதாம் பக்கத்துலயா தப்பு? மேடம்!"

தண்டனை அந்த நிமிஷமே ஆரம்பமாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் அவர் தோளில் ஆதரவாகக் கையைப் போட்டான்.

"கவலைப்படாதீங்க சார். உள்ளே போனதும் உங்களுக்கே ஒரு நம்பர் போடுவாங்க. எங்காளுங்க ஒரே நம்பரை ரெண்டு பேருக்குப் போட்டதா சரித்திரமே இல்லை!"