மஞ்சள் வண்டியின் சிவப்பு விளக்கு

"மஞ்சள் வண்டியின் உரிமையாளர் உடனே கீழே வரவும். இது மூன்றாவது முறை!"

குடியிருப்புக் காவலர் பியோனின் குரல் வீட்டுச் சுவரில் இருந்த ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. அந்தக் குரல் பதினான்கு மாடி வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். குரலுக்குப் பின்னால் வண்டியின் அலறலும் கேட்டது.

சேபோமும் அம்மாவும் லிஃப்டில் இறங்கி ஓடினார்கள். சேபோம் ஐந்தாம் வகுப்பு. அவள் பள்ளி நிறுவப்பட்ட நாள் என்பதால் இன்று விடுமுறை. அம்மாவுக்கோ இன்றுதான் வேலையின் முதல் நாள்.

அம்மா எட்டு வருடம் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினாள். போன மாதம் பள்ளி வண்டி ஓட்டும் தேர்வில் முதல் முறையிலேயே தேறினாள். சரியாக இரண்டு மணிக்கு நதியோரப் பள்ளி வாசலிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகளை ஏற்றி, டேக்வாண்டோ தற்காப்புக் கலை வகுப்பில் இறக்க வேண்டும். "முதல் நாளே லேட்டானா, நாளைக்கு வேற டிரைவர்" என்று அந்த வகுப்பை நடத்தும் மாஸ்டர் தோ முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

மணி ஒன்று ஐந்து.

அம்மா ரிமோட்டை அழுத்தினாள். அலறல் நின்றது. ஆனால் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், கார் படத்துக்குள் பூட்டுப் போட்ட சின்னச் சிவப்பு விளக்கு படபடவென்று மின்னிக்கொண்டே இருந்தது. சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பவில்லை.

"ஓக்சுன் அக்கா, எட்டாவது மாடியில கைக்குழந்தை தூங்குது" என்றார் பியோன் அம்மாவிடம், பாவமாக.

"தூங்கட்டும் தம்பி. நானா கத்துறேன்? வண்டிதான் கத்துது."

அப்போது தோக்பே மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் அண்ணன். நேற்று இந்தப் பழைய வண்டிக்கு விபத்து எதுவும் வராமலிருக்கப் படையல் போட்டதே அவர்தான். அரிசி கேக் வைத்து, நாலு டயருக்கும் அரிசி மது ஊற்றி, வெள்ளை நூல் சுற்றிய கருவாட்டை வண்டியில் கட்டி, விழுந்து விழுந்து கும்பிட்டார்.

"படையல் போட்டு ஒரு நாள் கூட ஆகல. அதுக்குள்ள என்ன பண்ணுனே தங்கச்சி?" என்றார் மாமா. "பொம்பளைங்க வண்டியத் தொட்டாலே இப்படித்தான்."

"நான் இன்னும் தொடவே இல்லண்ணே. நேத்துத் தொட்டதெல்லாம் நீதான்."

பியோன் சிரிப்பை அடக்க மாடியைப் பார்த்தார்.

"ரிமோட் பேட்டரி போயிருக்கும்" என்றார் மாமா.

"போகல மாமா. அழுத்துனா பூட்டு 'டக்'னு கேக்குது பாருங்க" என்றாள் சேபோம்.

"அப்போ ஒயர். ஏதாவது ஒரு ஒயரப் புடுங்கினா சரியாயிடும்."

"எந்த ஒயரு?"

"ஏதாவது ஒண்ணு!"

"தொட்டே, கைய ஒடிப்பேன்" என்றாள் அம்மா. மெக்கானிக்குக்கு போன் செய்தாள். நாலு மணிக்குத்தான் வர முடியும் என்றார். அம்மா போனைக் கீழே வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. அம்மா கத்தினால் சேபோமுக்குப் பயமே இல்லை. பேசாமல் இருந்தால்தான் பயம்.

மணி ஒன்று பதினைந்து.

சேபோம் வண்டியில் ஏறி முன்பெட்டியைத் திறந்தாள். காப்பிக் கறை படிந்த கையேடு கிடந்தது. வண்டியை விற்றவர் விட்டுப் போனது. விளக்குப் படங்கள் இருந்த பக்கத்தைத் தேடி எடுத்தாள்.

"மெதுவாக மின்னினால், வண்டி காவலில் உள்ளது" என்று சத்தமாகப் படித்தாள். "வேகமாக மின்னினால், ஏதோ ஒன்று சரியாக மூடப்படவில்லை. மூடும் வரை வண்டி கிளம்பாது."

"எல்லாம் மூடித்தான் இருக்கு. கண்ணுல தெரியலையா?" என்றார் மாமா.

"கண்ணுக்குத் தெரியாது மாமா. நம்ம கிம்ச்சி ஊறுகாய் ஃப்ரிட்ஜ் இல்ல? மூடுன மாதிரியே இருக்கும். முட்டைக்கோஸ் இலை ஒண்ணு மாட்டியிருந்தா பீப் பீப்னு கத்தும். கதவு நல்லா அமுங்குனாத்தான் உள்ள இருக்கிற பட்டன் அமுங்கும்."

மாமா தலையைச் சொறிந்தார்.

சேபோம் ஒவ்வொரு கதவாகத் திறந்தாள். திறந்தால் கூரை விளக்கு எரிந்தது. மூடினால் அணைந்தது. ஓட்டுநர் கதவு சரி. பக்கத்துக் கதவு சரி. இழுக்கும் கதவு சரி. பின்கதவும் சரி. இனி இன்ஜின் மூடியான பானெட் ஒன்றுதான் பாக்கி.

அவள் வண்டிக்கு முன்னால் குனிந்து, கண்ணைப் பானெட் விளிம்புக்கு நேராக வைத்துப் பார்த்தாள். இடது பக்கம் ஒட்டியிருந்தது. வலது பக்கம் ஒரு சாப்ஸ்டிக் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

சேபோம் மெதுவாக நிமிர்ந்தாள்.

"மாமா, அந்தக் கருவாட்ட எங்க கட்டுனீங்க?"

மாமா மெல்ல ஓரடி பின்னால் வைத்தார். அம்மா திரும்பி அண்ணனைப் பார்த்தாள். பியோனும் பார்த்தார்.

அம்மா பானெட்டைத் தூக்கினாள். உள்ளே, வெள்ளை நூல் தளர்ந்து, கட்டை போலக் காய்ந்த கருவாடு நழுவிக் கிடந்தது. அதன் வால் பூட்டுக்குப் பக்கத்தில் பானெட் உட்காரும் இடத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. வாயோ ஆவென்று திறந்திருந்தது. அதுவும் இவ்வளவு நேரம் கத்தியது போல.

"ஐயோ அண்ணே!" என்றாள் அம்மா. "இப்படியே ரோட்டுல போயிருந்தா, பானெட் தூக்கிக் கண்ணாடிய மறைச்சிருக்கும். உள்ள பன்னிரண்டு பிள்ளைங்க!"

மாமாவின் காது வரை சிவந்தது. "நான்... உனக்கு நல்லது நடக்கணும்னுதான்..."

அம்மா கருவாட்டைப் பிடுங்கினாள். அவள் கை குப்பைத்தொட்டிப் பக்கம் நீண்டதைச் சேபோம் பார்த்துவிட்டாள்.

"அம்மா, அது என்கிட்ட குடுங்க."

சேபோம் பின்கதவைத் திறந்தாள். ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில், எதிலும் மாட்டாத மூலையில், கருவாட்டைப் படுக்க வைத்தாள். "மாமா, நூலு இறுக்கமா வேணும். எனக்கு முடிச்சு வராது. நீங்க கட்டுங்க."

சேபோமுக்கு முடிச்சு நன்றாகவே வரும். டேக்வாண்டோவில் அவள் சிவப்பு பெல்ட்; அதைத் தானேதான் முடிச்சுப் போட்டு இடுப்பில் கட்டுவாள்.

மாமா மூன்று முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார். நாலாவதும் போட்டார்.

அம்மா பானெட்டை மூடினாள். இந்த முறை 'டப்' என்று அழுத்தமாகக் கேட்டது. ரிமோட்டால் ஒருமுறை பூட்டினாள். சிவப்பு விளக்கு மெதுவாக, மூச்சு விடுவது போல மின்னியது. திறந்தாள். அணைந்தது. சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமியது.

"ஏறு" என்றாள் அம்மா.

"பாத்து ஓட்டு" என்றார் மாமா.

"நான் பாத்துத்தான் ஓட்டுறேன். நீ பாத்துக் கட்டு!"

நதியோரப் பள்ளி வாசலில் வண்டி நின்றபோது ஒன்று ஐம்பத்தேழு. மாஸ்டர் தோ கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"சீக்கிரமே வந்துட்டீங்க."

"நாளைக்கும் வருவேன்" என்றாள் அம்மா.

பிள்ளைகள் முண்டியடித்து ஏறினார்கள். கடைசியாக ஏறிய பொடியன் மூக்கைச் சுருக்கினான். "என்ன இது, கருவாட்டு வாசம்?"

"பின்னால டூட்டியில இருக்காரு" என்றாள் சேபோம். "தொந்தரவு பண்ணாத. பெல்ட்டப் போடு."

மாலையில் வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, சுவரில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"அன்பான குடியிருப்பாளர்களே, மஞ்சள் வண்டி திரும்பி வந்து பத்து நிமிடம் ஆகிறது. இதுவரை ஒரு சத்தமும் இல்லை. நன்றி."

எட்டாவது மாடியில் யாரோ கை தட்டினார்கள்.